தொழில்நுட்பம் பிறக்க அறிவியல் முதலில் வர வேண்டுமா?

ஒரு வேலையைச் செய்து முடிக்கும் முறைதான் தொழில்நுட்பம். அது ஏன் அப்படி நடக்கிறது என்ற விளக்கம் அறிவியல். எது முதலில் வரும் என்று கேட்டால், இரண்டு வரிசையும் உண்டு.

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பாருங்கள், பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கும். சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாக இறுகுகிறது. அந்த வாயுவை ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் இனங்கண்டது 1750களில்தான். சுண்ணாம்புப் பூச்சு அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கொத்தனார்களின் கையும் கண்ணும் சேர்த்துவைத்த அந்த அறிவை நான் ஒரு படி கீழே வைக்க மாட்டேன்.

ஆச்சி குழிப்பணியார மாவைப் புளிக்க வைப்பதும் இப்படித்தான். நுண்ணுயிர் பற்றித் தெரியாமலே பதம் தெரியும். ஆனால் காரணமும் தெரிந்துவிட்டால், பழக்கமில்லாத குளிர் ஊரிலும் என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். தட்டுத் தடுமாறிச் செய்யும் சோதனைகள் குறையும். அறிவியலின் பெரிய உதவி அதுதான்.

சரி, எதிர்த்திசை? உலோக உப்புக் கரைசலில் எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் படியும் என்ற விதியை ஃபாரடே என்ற விஞ்ஞானி 1830களில் கண்டார். முலாம் பூசுவதைக் கணக்குப் போட்டுச் செய்ய அது வழிவிட்டது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் ஊர் 'சிக்ரி', மின்கலம், துருத் தடுப்பு என அந்தத் துறையில்தான் உழைக்கிறது.

தொழில்நுட்பம் என்றால் கணினியும் செல்போனும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கரணை பிடித்துச் சுவரை மெருகேற்றும் முறையும் தொழில்நுட்பமே.