குதிரை மிரளும் சாலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் இருக்கிறேன். கோடை வந்தால் ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு பைக் எடுத்துக்கொண்டு சர்ரே ஹில்ஸ் பக்கம் போவது வழக்கம். போன வாரம் ஐந்து பைக்குகளில் போனோம், நான்தான் முன்னால். லீத் ஹில் அருகே ஒரு குறுகலான சாலையில் இரண்டு குதிரைகள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் ஒரு அம்மா, ஓரமாகப் போன சின்னக் குதிரையில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அந்த அம்மா கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தார். நான் கியர் இறக்கி, 50 மைல் வேகத்திலிருந்து 25க்கு வந்து, இடம் கிடைத்ததும் தாண்டினேன். சின்னக் குதிரை பக்கவாட்டில் துள்ளியது. யாரும் விழவில்லை. ஆனால் அந்த அம்மா கத்திய கத்தல் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்டது. வேகத்தைக் குறைத்தும் எதற்குத் திட்டு? என் நிறத்தைப் பார்த்துத்தான் கத்தினாரோ என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாலை வரி கட்டுவது நாம், இரண்டு இரண்டாக வழியை அடைத்துப் போவது அவர்கள். இந்தக் காலத்தில் குதிரைக்கு ரோட்டில் என்ன வேலை? நீங்களும் பைக் ஓட்டுகிறவர், மகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்புகிறவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

'கியர் இறக்கி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. ஓடுகிற வேகத்தில் கியரை இறக்கினால் எஞ்சின் ஒரு உறுமு உறுமும், ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கி இறக்குகிற பழக்கம் இருந்தால் இன்னும் பலமாக. சைலன்சர் மாற்றியிருந்தால் படபடவென்று வெடிக்கவும் செய்யும். உங்களுக்கு அது வேகம் குறைகிற சத்தம். குதிரைக்கு அப்படி இல்லை. பின்னால் ஏதோ ஒன்று நெருங்க நெருங்க உறுமலைக் கூட்டுகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவுக்கு அதற்குப் பார்வை உண்டு. மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. நீங்கள் வந்தது அந்தப் பின்பக்கத்திலிருந்து. முதலில் சத்தம் மட்டும், பிறகு திடீரென்று கண்ணோரத்தில் ஒரு உருவம். புல் தின்று, கூட்டமாக வாழ்ந்து, வேட்டை மிருகத்துக்குப் பயந்தே பல லட்சம் ஆண்டுகள் பிழைத்து வந்த விலங்கு அது. முதலில் ஓடும், என்ன ஏது என்று பிறகுதான் பார்க்கும். எவ்வளவு பழக்கினாலும் இந்தக் குணம் முழுசாகப் போகாது. சராசரிக் குதிரை 500 கிலோ எடை இருக்கும். மேலே இருப்பவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடலாம் என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நம்பிக்கை.

அதனால்தான் 25 மைல் போதவில்லை. 2022 ஜனவரி 29 அன்று பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட் திருத்தப்பட்டபோது இதற்கு எண் வைத்தே சொன்னார்கள்: குதிரையைத் தாண்டும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர், பைக்கில் கிட்டத்தட்ட காலை ஊன்றப் போகிற வேகம். 2 மீட்டர் எதற்கு என்றால், மிரண்ட குதிரை முன்னால் பாய்வதைவிடப் பக்கவாட்டில் விலகுவதுதான் அதிகம். உங்களைப் பார்த்துத்தான் விலகும் என்றும் இல்லை. வேலிக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கோழி படபடத்தாலோ, ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் ஆடினாலோ அது உங்கள் பக்கம்தான் வந்து விழும். சர்ரேயின் அந்தக் குறுகல் சாலைகளில் 2 மீட்டருக்கு ஏது இடம் என்று கேட்பீர்கள். இல்லையென்றால் தாண்டக் கூடாது. கொஞ்ச தூரத்தில் ஏதாவது ஒரு வயல் கேட் வரும், அவர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். அதிகம் போனால் இரண்டு நிமிடம்.

சரி, எப்படிப் போவது? தூரத்தில் குதிரை தெரிந்த உடனேயே, நூறு மீட்டர் முன்பே, கியர் வேலையை எல்லாம் முடித்துவிடுங்கள். அப்புறம் ஒரே சீரான மெல்லிய சத்தத்தில் போங்கள். ஹாரன் வேண்டவே வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உருண்டு போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இன்னும் மோசம், பக்கத்தில் வந்த பிறகுதான் குதிரைக்குத் தெரியும். கையை நீட்டி மேலும் கீழும் அசைத்தால் மெதுவாக வா என்று அர்த்தம், உள்ளங்கையைக் காட்டி நிமிர்த்தினால் நில். நில் என்றால் நின்று எஞ்சினை அணைத்துவிடுங்கள். அணைத்தால், குதிரை நன்றாக விலகிப் போன பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பக்கத்தில் வைத்து செல்ஃப் அடித்தால் அணைத்ததற்கே பயனில்லை. தாண்டியவுடன் முறுக்கவும் கூடாது. நிறையப் பேர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு இந்தக் கடைசி இடத்தில் கெடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாயைத் திறந்து பேசுவது. "குட் மார்னிங், தாண்டலாமா?" போதும். மனிதக் குரல் கேட்டதும், இவ்வளவு நேரம் உறுமிக்கொண்டு வந்ததன் மேலே ஒரு மனிதன் இருக்கிறான் என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். காது உங்கள் பக்கம் திரும்பும், கழுத்து இளகும். என் மகள் போகும் லாயத்தில் இதைப் பல முறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

உங்கள் நிறம் பற்றிய கேள்விக்கும் இங்கேயே வருகிறேன். இந்த நாட்டில் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான், எனக்கும் வேறு இடங்களில் வந்திருக்கிறது. அதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் அன்று உங்கள் தலையில் ஹெல்மெட், கண்ணாடி மூடியிருந்திருக்கும், கையில் கிளவுஸ். அந்த அம்மாவுக்கு உங்கள் முகமே தெரிந்திருக்காது. அவர் பார்த்தது, பிள்ளை உட்கார்ந்திருந்த குதிரை துள்ளியதை. என் மகள் அந்தச் சேணத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்.

பக்கம் பக்கமாகப் போனதற்கும் காரணம் அந்தப் பிள்ளைதான். பழகாத குதிரையையோ பழகாத சவாரிக்காரரையோ கூட்டிப் போகும்போது அனுபவமுள்ளவர் சாலையின் நடுப்பக்கமாகக் கூடவே வருவது விதிநூலே ஒப்புக்கொண்ட முறை. அந்த அம்மா தன் குதிரையை உங்களுக்கும் சிறுமிக்கும் நடுவில் கேடயமாக வைத்திருந்தார். குறுகலான இடத்திலும் வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. அந்த இடத்தில் அவர் செய்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வரி விஷயம் சுருக்கமாக. வண்டிக்காரர்களிடம் வாங்கும் வரி சாலைக்கே போக வேண்டும் என்ற ஏற்பாடு 1937இலேயே போய்விட்டது. இன்று நீங்கள் கட்டுவது வண்டிக்கான வரி. சாலை எல்லோருடைய பொது வரியிலும் கவுன்சில் வரியிலும் நடக்கிறது, அந்த அம்மாவுடையதும் சேர்த்து.

குதிரைக்கு ரோட்டில் என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் வரைபடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் பொதுமக்கள் போகலாம் என்று உரிமையுள்ள பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் குதிரை போகலாம். பிரைடில்வே எனப்படும் அந்தக் குதிரைப் பாதைகளும் துண்டு துண்டாக இருக்கின்றன. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் வரை தார் சாலைதான் வழி. ரோட்டில் வருகிற பெரும்பாலான குதிரைக்காரர்களுக்கு அங்கே வர ஆசையே கிடையாது.

அவர்கள் தரப்பிலும் குறை உண்டு. மரங்கள் கூரை போட்ட சாலையில் கறுப்புக் கோட்டும் கருங்குதிரையுமாக அந்தி நேரத்தில் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் ஒரு மேலங்கி போட்டால் சில நொடி முன்னால் தெரிவார்கள். 60 மைல் வேகத்தில் நாம் ஒரு நொடிக்கு 27 மீட்டர் போகிறோம். உலர்ந்த சாலையிலேயே நிற்பதற்கு 73 மீட்டர் வேண்டும் என்று விதிநூல் கணக்குச் சொல்கிறது. உயிர்வேலி மறைக்கும் வளைவில் அந்த 73 மீட்டர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சாலையில் குதிரையின் புது லத்தி (சாணம்) கிடந்தால் அடுத்த வளைவுக்கு அப்பால் குதிரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லத்தியில் டயர் வழுக்கும் என்பது தனிக் கவலை.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் சேர்த்த முதல் விதி, மோதல் நடந்தால் அதிகம் அடிபடக்கூடியவர்கள் என்று நடப்பவர், சைக்கிள்காரர், குதிரைக்காரர், பைக்காரர் என நால்வரையும் ஒரே வரியில் வைக்கிறது. அடுத்து, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதால் அதிகப் பொறுப்பு ஏற்க வேண்டியவர்களின் பட்டியலில் லாரி, வேன், காரோடு பைக்கும் வருகிறது. இரண்டிலும் இருப்பவர்கள் நாம் மட்டும்தான். நம்மைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை, விழுந்தால் எலும்புதான் உடையும் என்று தெரிந்தவர்கள். கார்க்காரர் ஒருவர் நம்மை உரசிப் போனால் எப்படிக் கொதிக்கிறோம்! அந்தச் சிறுமியின் நிலை நமக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

அப்புறம், நீங்கள் ஐந்து பேர் போனீர்கள். முன்னால் போகிறவர் ஒழுங்காகப் போய், பின்தங்கிய கடைசி ஆள் உங்களைப் பிடிக்க முறுக்கிக்கொண்டு வந்தால் அத்தனையும் வீண். அடுத்த ஞாயிறு கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்: குதிரை தெரிந்தால் முன்னால் இருப்பவர் கைகாட்டுவார், எல்லோரும் சேர்ந்து மெதுவாவோம், "பின்னால் இன்னும் நாலு பேர்" என்று குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவோம், கடைசி ஆள் தாண்டி நன்றாக விலகும் வரை யாரும் வேகம் எடுக்க மாட்டோம். குதிரைக்காரர் கை அசைத்து நன்றி சொல்லாவிட்டால் கோபப்படாதீர்கள், இரண்டு கையும் கடிவாளத்தில் இருக்கும். தலையை லேசாக ஆட்டுவார், பாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்