ராத்திரி 2 மணி ஆகியும் தூக்கம் வரலையா?

கேள்வி: கிழக்குப் பக்கமா 8 மணி நேர வித்தியாசம் உள்ள ஊருக்கு அடிக்கடி போறேன். போய் இறங்கினா ஒரு வாரத்துக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன், காலைல எந்திரிக்கவே முடியல, வயித்தைப் பிரட்டுது. உடம்புல சில புள்ளிகளை அமுக்குற அக்குபிரஷர் பண்ணினா ஜெட்லாக் போயிடும்னு ஃப்ரெண்ட் சொல்றாங்க, நெஜமா?

பதில்: போயிடும்னு சொல்றது கொஞ்சம் ஓவர்தாங்க. மூளையில ஹைப்போதலாமஸ்ல ஒரு கடிகாரம் இருக்கு, அது இன்னும் பழைய ஊர் டைம்லயே ஓடுது, அதான் ஜெட்லாக். அதை நகர்த்துறது முக்கியமா கண்ணு வழியா போற வெளிச்சம், புள்ளியை அமுக்கி அதைத் திருப்பலாம்ங்கறதுக்கு நம்புற மாதிரி ஆதாரம் கிடையாது. ஆனா அதோட கூடவே வர்ற குமட்டல், படபடப்பு, தலைபாரம் இதுக்கெல்லாம் அமுக்கிப் பாக்கலாம், தப்பே இல்ல.

குமட்டலுக்கு நெய்குவான் புள்ளி. உள்ளங்கையை மேல பாத்து வச்சு, மணிக்கட்டு ரேகையில இருந்து உங்க மூணு விரல் அகலம் முழங்கை பக்கமா தள்ளி வாங்க, லேசா முஷ்டி மடக்கினா ரெண்டு நரம்பு கம்பி மாதிரி எழும்பும், அதுக்கு நடுவுல கட்டை விரலை வச்சு ரெண்டு மூணு நிமிஷம் அமுக்குங்க. கை மரத்துப் போச்சுன்னா ஓவரா அமுக்குறீங்கன்னு அர்த்தம். ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குமட்டலுக்கு இந்தப் புள்ளியை வச்சு நிறைய ஆராய்ச்சி நடந்து பலன் இருக்குன்னே வந்திருக்கு, கப்பல் பயணத்துக்குன்னு குமிழ் வச்ச மணிக்கட்டு பட்டை விக்கிறாங்களே அது அமுக்குறதும் இதே இடத்தைத்தான். தூக்கத்துக்கு ஷென்மென், மணிக்கட்டு ரேகையிலயே சுண்டு விரல் பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், லைட்டை அணைச்சிட்டு படுத்தபடியே மெதுவா தேய்ங்க.

இதை விட முக்கியம் வெளிச்சம், உங்க கேஸ்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. வழக்கமா எந்திரிக்கிற நேரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி உடம்பு சூடு ரொம்பக் குறைஞ்சிருக்கும், அதுக்கு முன்னாடி வெளிச்சம் பட்டா கடிகாரம் பின்னால போகும், அப்புறம் பட்டா முன்னால வரும். வீட்டுல 6 மணிக்கு எந்திரிப்பீங்கன்னா அந்த நேரம் 4 மணி வாக்குல, அதாவது போன ஊர்ல மதியம் 12. அதனால முதல் ரெண்டு நாள் காலை வெயில்ல வாக்கிங் போனீங்கன்னா உள்ளதும் கெடும், காலைல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு மதியத்துக்கு மேல வெளிய சுத்துங்க, அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் மாதிரி முன்கூட்டியே வெளிச்சத்துக்கு வந்துடலாம்.

கேள்வி: சீன வைத்தியத்துல 2 மணி நேரத்துக்கு ஒரு உறுப்புன்னு சார்ட் இருக்காமே, போற ஊர் டைம் பாத்து அந்தந்தப் புள்ளியை அமுக்கினா செட் ஆயிடுமா?

பதில்: இருக்கு, காலை 3 முதல் 5 நுரையீரல், 7 முதல் 9 வயிறு, பகல் 11 முதல் 1 இதயம்னு 12 பங்கு. வயித்து நேரத்துக்கு முட்டிக்குக் கீழ நாலு விரல் தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கம் அமுக்கச் சொல்வாங்க. என்னைக் கேட்டா, இதுக்காக அலாரம் வச்சு 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிக்கிறதுதான் பெரிய கொடுமை. பகல்ல முழிச்சிருக்கிறப்ப பண்ணுங்க, புது ஊர் டைமுக்கு மனசு பழகும், அவ்வளவுதான் எதிர்பாக்கலாம்.

கேள்வி: அதே புள்ளிகள்ல அக்குபஞ்சர் ஊசி குத்திக்கிட்டு ஃப்ளைட் ஏறலாமா? கர்ப்பிணிகள்?

பதில்: படிச்ச ஆள், பிரிச்சு ஒரே தடவை யூஸ் பண்ற ஊசி, இது ரெண்டும் கட்டாயம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும். கிளம்புறதுக்கு முன்னாடி நெஞ்சு, மேல் முதுகுல குத்திக்காதீங்க, அபூர்வமா ஊசி நுரையீரலைத் தொட்டு காத்து கசியும், வானத்துல அது மோசமாகும். கர்ப்பமா இருக்கிறவங்க கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உள்ள புள்ளியையும், கணுக்காலுக்கு மேல உள்பக்கத்துப் புள்ளியையும் விட்டுடணும்னு வழிவழியா சொல்றாங்க, விட்டுடுங்க. இன்னொண்ணு, நீண்ட பயணம் முடிஞ்சு ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா அமுக்கவோ தேய்க்கவோ கூடாது, ரத்தக் கட்டியா இருக்கலாம், அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.