தத்துவம் கேட்கும் மகளுக்கு ஹாலே

ஐயா, பிளஸ் டூ முடித்த மகள் தத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள், மைத்துனர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பார்த்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்கப் போகிறீர்களாம். வைக்காதீர்கள். பிடிக்காத படிப்பை அவள் பாதியில் விட்டாலும் வட்டி உங்களை விடாது.

அப்புறம், தத்துவம்தான் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு என்பார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் சொல்வது ஜெர்மனியின் ஹாலே.

1694-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். கிறிஸ்தவம் அறியாத சீனர்களும் பகுத்தறிவால் அறவழியில் வாழ்ந்தார்கள் என்று 1721-ல் இங்கே உரையாற்றினார் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப். 1723-ல் பிரஷ்ய மன்னர், 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லையேல் தூக்கு என்று உத்தரவிட்டார். 1740-ல் பட்டத்துக்கு வந்த மகன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஆப்பிரிக்காவில் பிறந்த தத்துவவாதி ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ படித்ததும் இங்கேதான்.

நமக்கும் இந்த ஊர் அந்நியமில்லை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் அங்கேதான் அச்சானது. தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களும் ஹாலேயில் உள்ள ஃபிராங்கே அறக்கட்டளையின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. சுவடியைத் தமிழிலும் கடிதத்தை ஜெர்மனிலும் படித்து, இரண்டுக்கும் பின்னால் உள்ள தத்துவத்தையும் பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் மகளுக்கு அங்கே இடம் இருக்கிறது.

ஆனால் உடனே இல்லை. பிளஸ் டூவை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனியில் நேரடியாகச் சேருவது பெரும்பாலும் நடக்காது. முதலில் சென்னையில் பி.ஏ. தத்துவம், ராதாகிருஷ்ணன் படித்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியையே பாருங்கள். கூடவே முதல் ஆண்டிலிருந்தே ஜெர்மன். ஜெர்மன் வழி முதுகலைக்கு, மொழித் தேர்ச்சியில் சி1 என்ற உயர்நிலை வரை கேட்பார்கள், கடைசி நேரத்தில் படித்து வராது.

செலவில் கண்டிப்பாக இருங்கள். அங்கே வழக்கமான முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் தொகை மட்டும்தான். ஆனால் உதவித்தொகை கிடைக்காவிட்டால் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. அதைக் கடன் இல்லாமல் சேர்க்க முடியாதென்றால் பி.ஏ.வோடு நிறுத்தி, உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் வேலையும் வராது, அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்த பிறகும் தத்துவம்தான் என்றால் குறுக்கே நிற்காதீர்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு அவளே விண்ணப்பிக்கலாம், ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.