சி.எம்.எல். என்றால் ஏன் மாத்திரை மட்டும்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார். பரிசோதித்ததில் வெள்ளை அணுக்கள் 1,40,000 இருந்தன. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில் ரத்தப் புற்றுநோய் வந்த 7 வயதுப் பையனுக்கு மறுநாளே கீமோதெரபி ஆரம்பித்தார்கள். அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா டாக்டர்?

பதில்: நிச்சயமாக இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

அந்தப் பையனின் வயதில் அதிகம் வருவது ஏ.எல்.எல். என்ற வேகமான ரத்தப் புற்றுநோய். அதில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத அணுக்கள் எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும். சிவப்பணுவும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் உருவாக இடமிருக்காது. சில வாரங்களிலேயே காய்ச்சல், உடல் வெளுப்பு, ஈறில் ரத்தக்கசிவு என்று முற்றும். அதனால்தான் அந்த அவசரம். சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். முழுமையாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள்.

அப்பாவுக்கு வந்திருப்பது மெதுவாக வளர்வது. 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற கோளாறான மரபணு உருவாகிறது. அது தயாரிக்கும் புரதம், வெள்ளை அணுக்களைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே கனப்பது இதனால்தான். 2001இல் வந்த இமாட்டினிப் மாத்திரை அந்தப் புரதத்தையே முடக்குகிறது. தொடக்க நிலையில் வழக்கமான அளவு தினம் 400 மி.கி. சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். நாட்டு மருந்து எடுப்பதாக இருந்தாலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

என் கவலையெல்லாம் இனிமேல்தான். சில வாரங்களில் வெள்ளை அணுக்கள் 10,000க்குள் வந்துவிடும். 'சரியாகிவிட்டது' என்று பலர் அங்கேதான் மாத்திரையை விடுகிறார்கள். நோய் போயிருக்காது, அடங்கியிருக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத அணுக்கள் தலைதூக்கும். பிறகு இதுவும் வேகமான ரத்தப் புற்றுநோயாக மாறலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவைப் பாருங்கள். மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள்ளும் இறங்குவதே இலக்கு. இறங்காவிட்டால், மாத்திரை தவறியதா என்று முதலில் பார்ப்போம். இல்லையென்றால் மருந்தை மாற்றுவோம்.

மற்ற வகைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வரும் வேகமான வகைகளில் ஏ.எம்.எல். அதிகம். முதியவர்களுக்கு வரும், மெதுவாக வளரும் சி.எல்.எல். வகையில், தொந்தரவு இல்லாதவரை சிகிச்சையே தராமல் கண்காணிப்பதும் உண்டு. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோயான லிம்போமா பெரும்பாலும் கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டியாகத் தொடங்கும். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தால் போதாது, முடிந்தவரை கணுவை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்ய வேண்டும். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மைலோமாவை, வயதானதால் வரும் முதுகுவலி என்று விட்டுவிடுகிறார்கள். முதுகுவலியோடு ரத்தசோகையும் கிரியாட்டினின் (சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் ரத்த அளவு) உயர்வும் சேர்ந்திருந்தால், வலி மாத்திரையைத் தொடராமல் சீரம் புரத எலக்ட்ரோபோரேசிஸ் என்ற ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

அப்பாவின் அறிக்கையில் பிளாஸ்ட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10க்குக் கீழே இருந்தால் பொதுவாகத் தொடக்க நிலைதான். முதல் பி.சி.ஆர்-ஏ.பி.எல். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த பரிசோதனைகளையும் கூடியமட்டும் அதே லேபில் செய்யுங்கள்.