தினமும் ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்கிறேன், நெஞ்சு படபடக்கிறது டாக்டர்

கேள்வி: என் வயது 27, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பி.எஸ்சி. முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 2022, 2024 இரண்டு தடவையும் கட் ஆஃப்புக்குக் கீழே போய்விட்டது. ‘மைண்ட்செட்டை மாற்றினால் எல்லாம் மாறும்’ என்று வீடியோக்களில் சொன்னதைக் கேட்டு, காலை நாலு மணிக்கு எழுந்து கண்ணாடி முன்னால் நின்று ‘நான் வெற்றியாளன்’ என்று தினமும் சொல்கிறேன். படுப்பதற்கு 12 மணி ஆகிவிடும். சில மாதங்களாக நெஞ்சு படபடப்பு, படித்தது எதுவும் தலையில் நிற்பதில்லை, நண்பர்கள் போன் செய்தால் எடுக்கவே பிடிக்கவில்லை. மனதுக்குள் நெகட்டிவ் எண்ணம் இருப்பதால்தான் தோற்கிறேனா? ஜெயித்து சந்தோஷமாக இருக்கிறவர்களின் மனநிலையை நான் எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில்: தம்பி, நீங்கள் நெகட்டிவாக நினைப்பதால் தோற்கவில்லை. 2022 குரூப் 4 தேர்வுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301, பிறகு கூட்டியும் 10 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். வேலை கிடைக்காத மீதி 21 லட்சத்துச் சொச்சம் பேருக்கும் மனதில் கோளாறு என்று யாராவது சொல்ல முடியுமா? இடம் குறைவு, ஆள் அதிகம். இந்தக் கணக்கைத் தனி ஒருவருடைய குறையாக மாற்றிக் காட்டும் பேச்சுகள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு, ஏனென்றால் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் தோற்ற வருத்தம் போதாதென்று ‘நான் சரியாக நம்பவில்லை போல’ என்ற குற்ற உணர்ச்சியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மனநிலையைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் உடம்பு. 12 மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் நாலு மணி நேரத் தூக்கம். உங்கள் வயதில் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். பகலில் படித்ததை மூளை பதிய வைத்துக்கொள்வதில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. அதனால் தூக்கத்தை வெட்டிப் படிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் முந்தின நாள் படித்ததையும் சேர்த்தே கெடுக்கிறது. ‘தலையில் நிற்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதல் காரணமாக நான் இதைத்தான் சந்தேகப்படுவேன். நாலு மணிக்கு எழுவது உங்களுக்கு ஒத்துவருகிறது என்றால் தாராளமாக எழுங்கள், ஆனால் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். முடியாது என்றால் பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுங்கள், ஒரு குறையும் இல்லை.

நெஞ்சு படபடப்பை மனசு சம்பந்தப்பட்டது என்று நீங்களாகவே முடிவு செய்துவிடக் கூடாது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். பக்கத்து அரசு மருத்துவமனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வைட்டமின் பி12-ம் பாருங்கள். படபடப்போடு மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கண் விழித்துப் படிக்கிறவர்கள் குடிக்கிற அளவு எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்: குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆகவே மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.

சரி, இப்போது கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். தன்னைப் பற்றி நல்லதாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அது உண்மையாகிவிடும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் அன்புக்குரியவன்’ என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மேல் நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு லேசாக நன்மை தெரிந்தது, தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்திருந்தவர்களுக்கோ அப்படிச் சொன்ன பிறகு மனநிலை இன்னும் கீழே போனது. ஏன் என்றால், வாய் ஒன்றைச் சொல்லும்போது உள்ளே இருக்கிற மனசு ‘அப்படியா, போன தேர்வு என்ன ஆச்சு?’ என்று எதிர்க்கேள்வி கேட்கிறது, தினமும் காலையில் எழுந்ததும் அந்த வாக்குவாதத்தில் தோற்றுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறீர்கள். இன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்று பயம் வரும், ஒன்றும் நடக்காது.

ஜெயித்த பிறகு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யச் சொல்வார்களே, அதுவும் பாதிதான் சரி. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரை அந்த மதிப்பெண்ணுக்காக எங்கே உட்கார்ந்து எப்படிப் படிக்கப் போகிறோம் என்பதைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டாவது வகையினர்தான் சீக்கிரம் படிக்கத் தொடங்கினார்கள், மதிப்பெண்ணும் அவர்களுக்குத்தான் கூடுதல். தாலுகா ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வது இனிமையாக இருக்கும், ஆனால் அந்த இனிமையே வேலை பாதி முடிந்த மாதிரி ஓர் ஆறுதலைக் கொடுத்துவிடுகிறது. நாளைக்கு எட்டு மணிக்கு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எந்தப் பாடத்தில் எந்தப் பகுதியை எடுக்கப் போகிறேன் என்று நினைத்துப் பாருங்கள், அது வேலை செய்யும்.

நீங்கள் கேட்ட ‘மைண்ட்செட்’ என்ற பேச்சைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக். திறமை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுத்தது என்று நம்புகிறவர்களைவிட, அதை வளர்த்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள் தோல்வியைத் தாண்டி வருகிறார்கள் என்பது அவர் சொன்னது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு? 2019-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் சுமார் 12 ஆயிரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சியாக இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்தங்கியிருந்த பிள்ளைகளின் சராசரி கிரேடு, ஏறக்குறைய நாலு புள்ளி அளவுகோலில், 0.1 புள்ளி போல உயர்ந்தது. அந்த நேரச் செலவுக்கு நல்ல பலன்தான், ஆனால் வாழ்க்கையையே புரட்டிப் போடுகிற அளவு இல்லை, பள்ளிச் சூழலும் ஒத்துழைத்த இடத்தில்தான் அது நன்றாக எடுபட்டது. முடியும் என்று நம்பினால் மட்டும் போதாது, செய்கிற முறையை மாற்ற வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டாவது தடவை எதை மாற்றிப் படித்தேன் என்று ஒரு வரி கூட இல்லை, படிக்கும்போது அதுதான் எனக்கு உறுத்தியது.

இதற்கெல்லாம் மேலாக, தோற்ற அன்றைக்கு உங்களிடம் நீங்களே என்ன பேசுகிறீர்கள் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இத்தனை வருடம் நோயாளிகளைப் பார்த்ததில், முன்னுக்கு வந்து நிம்மதியாகவும் இருக்கிறவர்களிடம் நான் கவனித்தது பெரிய தன்னம்பிக்கை இல்லை, அவர்களும் பயந்தவர்கள்தான். கீழே விழுந்தால் தன்னைத் தானே மிதிக்க மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். ரிசல்ட் வந்த அன்றைக்கு ‘நீ எதுக்குமே லாயக்கில்லை’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். உங்கள் தங்கையோ நண்பனோ தோற்று வந்தால் அப்படிச் சொல்வீர்களா? பக்கத்தில் உட்கார வைத்து, சாப்பிடச் சொல்லி, ‘எங்கேடா போச்சு, பார்ப்போம்’ என்றுதானே கேட்பீர்கள், அதையே உங்களிடமும் கேளுங்கள். தமிழில் 100-க்கு 88 வந்து, பொது அறிவு 75-ல் 50 தாண்டி, கணக்கில் மட்டும் 25-க்கு 11 என்றால், பிரச்சினை உங்கள் பிறவியில் இல்லை, அந்த 14 கேள்விகளில் இருக்கிறது. (இந்த எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் எண்களை நீங்கள் எழுதிப் பாருங்கள்.) இப்படிக் கனிவாக இருந்தால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். 2012-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில் நடந்ததோ நேர்மாறு: ஒரு கடினமான தேர்வில் சறுக்கியபின் தன்னிடம் கனிவாக நடந்துகொள்ளத் தூண்டப்பட்ட மாணவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். திட்டு வாங்கிய மனசு புத்தகத்தைப் பார்த்தாலே ஒளிந்துகொள்ளப் பார்க்கும்.

எதையும் தொடவே பிடிக்காத நாட்கள் உங்களுக்கு வந்திருக்கும், அதையும் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-களில், தப்பிக்க வழியில்லாத துன்பத்தில் மாட்டிய உயிர்கள் முயற்சியைக் கைவிடக் கற்றுக்கொள்கின்றன என்றார்கள். 2016-ல் அவர்களே தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டு, நீண்ட துன்பத்தில் முடங்குவது மூளையின் இயல்பான பதில், ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது என்று எழுதினார்கள். மூளைக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சின்ன வேலைகள் போதும். காலையில் இருபது நிமிட நடை, பத்துக் கணக்கு, உங்கள் துணியை நீங்களே துவைப்பது, இப்படித் தொடங்கினால் அன்றைக்கே முடியக்கூடியவையாக இருக்கட்டும். பகுதி நேர வேலை ஏதாவது கிடைத்தால் மறுக்காமல் போங்கள் என்றும் சொல்வேன். படிப்பு நேரம் குறையும், ஆனால் கையில் கொஞ்சம் காசும் நாலு பேர் முகமும் இருக்கும்போது ஒரே தேர்வின்மேல் உயிரையே கட்டித் தொங்கவிட வேண்டிய நிலைமை இருக்காது.

நண்பர்கள் போனை எடுப்பதில்லை என்றீர்களே, சந்தோஷத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றுவரை நடத்தும் ஆய்வு ஒன்று உண்டு, கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பத்துப் பையன்களையுமாகச் சேர்த்து 724 பேரை முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். 80 வயதில் யார் ஆரோக்கியமாக இருப்பார் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அப்போது அவர்களுக்கு இருந்த உறவுகளின் திருப்தி நன்றாகக் காட்டியது. வேலை கிடைத்த பிறகு எல்லோரையும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறீர்கள். வெட்கம்தான் காரணம் என்று எனக்குப் புரிகிறது. இந்த வாரம் ஒரே ஒருவருக்கு, உங்களை எடைபோடாத ஒருவருக்கு, நீங்களே போன் செய்யுங்கள். தேர்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூட இல்லை.

கடைசியாக, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனசு கனத்து, எதிலும் ஆர்வம் போய், பசியும் தூக்கமும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் உண்டு, நன்றாகக் குணமாகும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், ஒரு வாரம் ஏழு மணி நேரம் தூங்கிப் பார்த்தபின் படபடப்பு எப்படி இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். மருந்து வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.