வாசகர் கேள்வி – பதில்: காற்றுக்கு அடிக்கும் கொல்லைக் கதவு

கேள்வி: எங்கள் வீடு திருவையாற்றில், ஆற்றங்கரையை ஒட்டி. கொல்லைப்பக்கம் தெற்குப் பார்த்து காவிரியை நோக்கி இருக்கிறது. அங்கே தாழ்வாரத்துக்குப் போக இரட்டைக் கதவு போட்டிருக்கிறோம். மேல்பாதி கண்ணாடி. இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். ஆனி, ஆடியில் திறந்து வைக்கவே முடியவில்லை. தரையில் காந்த ஸ்டாப்பர் வைத்துப் பார்த்தோம், காற்று அதையும் பிடுங்கிவிட்டது. உள்ளே நின்று ஆற்றைப் பார்த்தால் வலப்பக்கக் கதவுதான் அதிகம் அடிக்கிறது. அதில் கண்ணாடியும் விரிந்துவிட்டது. உள்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா ஐயா? – வாசகி, திருவையாறு

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. நம் பக்கத்துக்கு வெளியே திறக்கும் கதவுதான் நல்லது. வெளியிலிருந்து காற்று மோதும்போது அது கதவை நிலையின் பள்ளத்தோடு சேர்த்து அழுத்தும். ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் உள்ளே வராது. உள்பக்கம் திறக்கும் கதவில் அதே காற்று தாழ்ப்பாளைத்தான் தள்ளும். கதவின் திசையை மாற்றிச் செலவழிப்பதை விட, திறந்த கதவை எங்கே, எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதைச் சரிசெய்தால் போதும்.

வலப்பக்கக் கதவு மட்டும் ஏன் அடிக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. நீங்கள் தெற்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் மேற்கு. ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சுவரை ஒட்டி ஓடி வருகிறது. மேற்குக் கதவின் கீல் மேற்குப் பக்கம் இருக்கிறது. அதைப் பாதி திறந்தால் காற்று அதன் முதுகில் மோதி மூடத் தள்ளும். முழுதாகத் திறந்து சுவரோடு சாய்த்தாலும், கதவின் திறந்த விளிம்பு காற்று வரும் பக்கம் நீட்டிக்கொண்டு இருப்பதால், சுவருக்கும் கதவுக்கும் நடுவே காற்று புகுந்து நெம்பும். கிழக்குக் கதவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. திறந்ததும் காற்றே அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளி வைக்கும்.

அதனால் பைசா செலவில்லாத முதல் வேலை: ஆனி தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்குக் கதவை மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு மூடியே வையுங்கள். போக வர கிழக்குக் கதவு போதும். உங்கள் வீட்டில் எந்தக் கதவின் மேல் எது படிகிறது என்று பாருங்கள். கிழக்குக் கதவை முதலில் மூடி அதன்மேல் மேற்குக் கதவு படிகிற மாதிரி செய்திருந்தால், நடுவில் இருக்கும் பட்டியை எடுத்து மற்ற கதவுக்கு மாற்றச் சொல்லுங்கள். தெரிந்த ஆசாரிக்கு அரை நாள் வேலை. கீழ்த் தாழ்ப்பாள் இறங்கும் தரை ஓட்டையில் மண் சேர்ந்தால் கம்பி பாதிதான் இறங்கும். அதை அவ்வப்போது சுத்தம் செய்யாவிட்டால் மூடிய கதவும் ஒருநாள் திறந்துகொள்ளும்.

இப்போது காந்தத்துக்கு வருவோம். மாயவரத்தில் என் கடையிலும் காந்த ஸ்டாப்பர் விற்கிறேன். படுக்கையறைக் கதவுக்கென்றால் தருகிறேன், கொல்லைக் கதவுக்குக் கேட்டால் வேண்டாம் என்கிறேன். காரணம் இதுதான். கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஐ.எஸ். 875 விதிநூலின் மூன்றாம் பாகத்தில் காற்றழுத்தத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். உங்கள் ஒற்றைக் கதவு இரண்டரை அடி அகலம், 7 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் கதவின் மேல் சுமார் 10 கிலோ பாரம். காற்று இரண்டு மடங்காகி 72 கிலோமீட்டரைத் தொட்டால் பாரம் 20 ஆகாது, 40 ஆகிவிடும்.

அந்தப் பாரத்தை எந்த இடத்தில் பிடிக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். 10 கிலோ காற்றைக் கதவின் திறந்த விளிம்பில் பிடித்தால் கொண்டிக்கு வருவது 5 கிலோதான். கீலிலிருந்து அரை அடி தள்ளிப் பிடித்தால் அதே காற்று 25 கிலோவாக இழுக்கும். நிறைய வீடுகளில் காந்தத்தையும் ஸ்டாப்பரையும் காலில் இடறுகிறது என்று கீல் ஓரமாகவே வைக்கிறார்கள். பிடுங்கிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? இது நின்று அழுத்தும் காற்றுக்கான கணக்கு. சட்டென்று வீசி அடிக்கும் காற்று கொடுக்கும் உதறல் இதற்கும் மேலே.

கதவை 90 டிகிரியில் நிறுத்தி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்படி நிற்கும் கதவு பாய்மரம்தான். திறந்தால் சுவரோடு சுவராக 180 டிகிரி படுக்க வேண்டும். மூடினால் தாழ்ப்பாள் விழ வேண்டும். நடுவில் ஒரு நிலை கிடையாது. கதவு நிலைச்சட்டம் சுவருக்குள் தள்ளி இருந்து கதவு முழுதாகப் படியவில்லை என்றால் பார்லிமென்ட் கீல் என்று கேட்டு வாங்குங்கள். இறக்கை நீளமாக இருக்கும், கதவைச் சுவர் முனையைத் தாண்டி வெளியே கொண்டுவந்து படிய வைக்கும்.

படிந்த கதவைப் பிடிக்க, அந்தக் காலத்துக் கொக்கியும் வளையமும் போல ஒன்று இன்னும் வரவில்லை. கொக்கி சுவரில், வளையம் கதவில். கதவின் நடுச்சட்டம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் வரும். மரம் அங்கே கனமாக இருக்கும், பெரியவர்கள் குனியவும் வேண்டாம். வளையத்தை அந்தச் சட்டத்தில், திறந்த விளிம்புக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாகப் போடுங்கள். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கெட்டியான ரப்பர் குமிழ் ஒன்று வையுங்கள். கதவைக் கொஞ்சம் அழுத்தித்தான் கொக்கியை மாட்ட முடிய வேண்டும், அதுதான் அளவு. இது எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம். கொக்கியில் ஆட்டம் இருந்தால் கதவு ராத்திரி முழுக்க டக் டக் என்று அடித்து, ஒரே ஆடியில் திருகாணியைத் தளர்த்திவிடும்.

சுவரில் பூச்சு அரை அங்குலம் இருக்கும். அது எதையும் பிடிக்காது. திருகாணி பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள கலவையில் அல்ல. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடென்றால் நைலான் பிளக்கை நம்பாதீர்கள். கல்லைக் கொஞ்சம் குடைந்து, வால் பிளந்த இரும்புப் பட்டியைச் சிமென்ட் வைத்துப் புதைத்து, நாலைந்து நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் கொக்கியை மாட்டுங்கள்.

இந்த அடியில் உங்கள் மேல் கீல் தளர்ந்திருக்கும், அதையும் பாருங்கள். திருகாணி சுற்றினால் பிடிக்கவில்லை என்றால் ஓட்டையில் பசை தடவிய மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் நீளத் திருகாணி போடலாம். விரிந்த கண்ணாடிக்குப் பதில் டஃபன்டு என்கிற பதப்படுத்திய கண்ணாடிதான் போட வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி மாதிரி நீளத் துண்டாக விழும். குழந்தைகள் தாழ்வாரத்தில் விளையாடும் வீடு, இதில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு கட்டிய வீடு. கொக்கி, கீல் எல்லாம் ஸ்டீல் என்றுதான் வாங்கினோம். அதற்குள் பழுப்பு ஏறிவிட்டது. – வாசகர், வேதாரண்யம்

பதில்: உப்பளக் காற்றுக்குச் சாதாரண ஸ்டீல் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகத்திலேயே கடலோரத்தில் கறை பிடிக்கும். 316 என்று கேளுங்கள், அதில் மாலிப்டினம் கலந்திருக்கிறது. விலை கூடத்தான். இல்லையென்றால் கனமான பித்தளை. காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று கடைக்காரர் காட்டினால் ஏற்காதீர்கள். மலிவான 202 ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ரகத்தின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருகாணியும் அதே ரகமாக இருக்க வேண்டும். நல்ல கொக்கியை இரும்புத் திருகாணியில் மாட்டினால் திருகாணிதான் முதலில் அரித்துப்போகும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். இன்னொன்று, புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கொக்கி எதற்கும் உதவாது. 2018 நவம்பரில் நீங்கள் பார்த்ததுதான். மேல், கீழ் இரண்டு தாழ்ப்பாளும் போட்டு மூடிவிட வேண்டும். அதற்கு ஒரு சாண் நீளமாவது உள்ள டவர் போல்ட் வேண்டும். விரல் நீளத்தில் விற்கிறார்களே, அது அலமாரிக்கு.

கேள்வி: வெளியே திறக்கும் கதவில் கீல் வெளிப்பக்கம் தெரிகிறது. ஆணியைத் தட்டி எடுத்துத் திருடன் உள்ளே வரமாட்டானா? – வாசகர், திருவாரூர்

பதில்: வரலாம். ஆணியின் இரண்டு முனையும் அடித்து மடக்கிய கீல் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். அதோடு கீல் பக்க விளிம்பில் ஒரு எஃகு முளையைப் பதித்து, கதவை மூடும்போது அது நிலையில் துளைத்த ஓட்டைக்குள் போகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஆணியை எடுத்தாலும் கதவு நகராது.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்கிறார் வீட்டுக்காரர். அம்மிக்குழவியை வைத்துச் சமாளிக்கிறோம். – வாசகி, மன்னார்குடி

பதில்: குழவி வேண்டாம் அம்மா, உருண்டு யார் காலிலாவது விழும். கதவைத் திறந்தால் பக்கத்தில் ஜன்னல் வருகிறதா? கைப்பிடியிலிருந்து ஜன்னல் கம்பிக்கு நைலான் கயிற்றால் தொய்வில்லாமல் கட்டுங்கள். ஜன்னல் இல்லையென்றால் காலியான 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் மணலை நிரப்பி, வாயைத் தைத்து, திறந்த விளிம்பின் அடியில் கதவை ஒட்டி வையுங்கள். மழை நாளில் மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள், நனைந்த சாக்கு தரையில் கறை விட்டால் அதற்கும் வீட்டுக்காரர் கேட்பார்.