நித்தியகல்யாணி கேலஸில் வின்பிளாஸ்டின் வரவில்லை: சர்க்கரையைக் கூட்டலாமா?

ஊடகத்தில் சர்க்கரையை 3 சதவீதத்திலிருந்து 6 ஆக்கினாலும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துப்பொருள் வராது. இருட்டில், 2,4-டி என்ற செயற்கை வளர்ச்சி ஹார்மோன் சேர்த்த ஊடகத்தில் வளரும் கேலஸ் (இலை, தண்டு என உருப்பெறாத செல் திரள்) எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதில் வின்பிளாஸ்டினை எதிர்பார்க்க முடியாது. அதே செடியின் வேறோர் ஆல்கலாய்டான (நைட்ரஜன் உள்ள தாவர வேதிப்பொருளான) அஜ்மாலிசின் வேண்டுமானால் கூடலாம்.

வின்பிளாஸ்டின் என்பது கேதரந்தினும் விண்டோலினும் இணைந்த மூலக்கூறு. கேதரந்தின் செல் வளர்ப்பிலும் உருவாகும். சிக்கல் விண்டோலினில்தான். அதன் கடைசிப் படிகள் இலையிலுள்ள பால் செல்களிலும் இடியோபிளாஸ்ட் எனும் தனிவகைச் செல்களிலும் நடக்கின்றன, வெளிச்சமும் தேவை. கேலஸில் அந்தச் செல்களே இல்லை. போதாததற்கு 2,4-டி ஆல்கலாய்டு உற்பத்தியையே அமுக்கும்.

ஊடகத்தை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்:

1. சென்னையில் எந்தத் தெருவிலும் கிடைக்கும் செடிதானே! அதன் இலையை உலர்த்தி, கேலஸுக்குச் செய்த அதே முறையில் சாறெடுத்து, அதே நாளில் எச்.பி.எல்.சி.யில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவியில்) ஓட்டுங்கள். விண்டோலின், கேதரந்தின் இரண்டுக்கும் ஸ்டாண்டர்டு (ஒப்பிடத் தூய மாதிரி) வையுங்கள்.

2. இலையில் விண்டோலின் தெரிந்து கேலஸில் தெரியாவிட்டால் காரணம் நான் சொன்னதுதான். இலையிலும் தெரியாவிட்டால் சாறெடுக்கும் முறையைச் சரிபாருங்கள்.

பிறகு கணுத்துண்டுகளை 2,4-டி இல்லாமல், தளிரைத் தூண்டும் பி.ஏ.பி. ஹார்மோன் சேர்த்த எம்.எஸ். (முராஷிகே–ஸ்கூக்) ஊடகத்தில், 16 மணி நேர வெளிச்சத்தில் தளிராக வளர்த்துப் பாருங்கள். தளிரில் விண்டோலின் வரும். ஆனால் வின்பிளாஸ்டின் அப்போதும் மிகச் சொற்பமே, முழு இலையிலேயே அது அவ்வளவுதான். ஆகவே ஆய்வின் இலக்கை விண்டோலினுக்கு மாற்றிக்கொள்ள உங்கள் வழிகாட்டியிடம் இப்போதே பேசுங்கள்.